பச்சை உடம்புக்காரியின் பாலை நிறுத்துவது எப்படி?

செங்கல்பட்டுப் பெரியாஸ்பத்திரியிலோ, மாமல்லபுரம் பக்கம் ஏதோ ஒரு நர்சிங் ஹோமிலோ உங்கள் உறவுக்காரப் பெண்ணுக்குப் பிள்ளை பிறந்திருக்கிறது. பார்க்கப் போகிறீர்கள். போனோமா, பிள்ளை கையில் நூறு ரூபாயைத் திணித்தோமா, வந்தோமா என்று இருந்துவிட்டால் உங்களை யார் ஞாபகம் வைத்துக்கொள்ளப் போகிறார்கள்? கொஞ்சம் முயற்சி எடுத்தால் அவள் மார்பில் ஊறும் பாலையே நிறுத்திவிட்டு வரலாம்.

முதல் நாளே போய்விடுங்கள். நாலாம் நாள் போனால் பால் கட்டித் தெறித்துக்கொண்டிருக்கும், உங்களுக்கு வேலை இருக்காது. முதல் இரண்டு மூன்று நாள் வருவது சீம்பால். மஞ்சளாக, பிசுபிசுவென்று, சொட்டுச் சொட்டாகத்தான் வரும். பிறந்த அன்று பிள்ளையின் வயிறு ஒரு வேளைக்கு ஒரு தேக்கரண்டி, மிஞ்சினால் ஒன்றரைக் கரண்டிதான் கொள்ளும். ஆகவே அந்தச் சொட்டு போதும். இதெல்லாம் தெரிந்த மாதிரி காட்டிக்கொள்ளாதீர்கள். செருப்பைக் கழற்றும்போதே கேட்டுவிடுங்கள்: “இன்னாம்மா, பால் வருதா?” அவள் வாயைத் திறப்பதற்குள், “எங்க வருது, மொகத்தப் பாத்தாலே தெரியுதே” என்று பதிலையும் நீங்களே சொல்லிவிடுவது உத்தமம்.

ஆபரேஷன் பிரசவமாக இருந்தால் உங்கள் அதிர்ஷ்டம். 2019–21 தேசியக் குடும்ப நல ஆய்வுப்படி தமிழ்நாட்டில் நூறு பிரசவத்தில் ஏறக்குறைய 45 ஆபரேஷன்தான், ஆகவே ஆளுக்குப் பஞ்சமில்லை. இவர்களுக்குப் பால் ஊறக் கொஞ்சம் தாமதமாகலாம். தையல் வலியில் பிள்ளையை மடியில் போட முடியாமல் தவிப்பாள். ஒருக்களித்துப் படுத்துக் கொடு, இல்லாவிட்டால் பிள்ளையின் காலைப் பின்பக்கம் விட்டு அக்குளில் இடுக்கிக்கொண்டு கொடு என்று நர்ஸம்மா சொல்லித்தருவார். சரியாக அந்த நேரத்தில் உள்ளே நுழைந்து, “ஆபரேஷன்காரிக்கு ஏது பாலு?” என்று பெருமூச்சு விடுங்கள்.

வெறும் பேச்சுக்கு அவ்வளவு சக்தியா என்று சந்தேகப்பட வேண்டாம். பால் சுரப்பது வேறு, இறங்குவது வேறு. பிள்ளை சப்பச் சப்ப ஆக்ஸிடோசின் என்ற ஹார்மோன் ஊறிப் பாலை வெளியே தள்ளும். பயம், வலி, நாலு பேர் பார்க்கிற கூச்சம் எல்லாம் சேர்ந்தால் அது பின்வாங்கும். பால் உள்ளேயே இருக்கும், பிள்ளை அழும். நீங்கள் சொன்னது பலித்த மாதிரியே இருக்கும்.

அடுத்து, பிள்ளை எப்படிக் கவ்வுகிறது என்று யாரும் பார்த்துவிடாமல் காவல் காக்க வேண்டும். வாய் ஆவென்று திறந்து, காம்பைச் சுற்றியுள்ள கறுப்பு வட்டமும் பெரும்பாலும் உள்ளே போய், கீழுதடு வெளியே மடங்கி, முகவாய் மார்பில் முட்டிக்கொண்டிருந்தால் பால் இறங்கும், அம்மாவுக்கு வலிக்காது. காம்பை மட்டும் சப்பினால் வெடித்து ரத்தம் வரும், பாலும் இறங்காது. காம்பு புண்ணான கதைகளில் பெரும்பாலானவை இந்தக் கவ்வலில் தொடங்குகிறவைதான். சுண்டுவிரலை வாயோரத்தில் விட்டுப் பிடியை விடுவித்து மறுபடி கவ்வ வைத்தால் பல வீடுகளில் சிக்கல் அங்கேயே தீர்ந்துவிடும். தீர்ந்துவிட்டால் நீங்கள் எதற்கு? “அவ காம்பே அப்படி, அவங்க அம்மாவுக்கும் அப்படித்தான்” என்று பரம்பரையை இழுத்துவிடுங்கள்.

பால் கட்டி மார் கல்லாகிக் கண்ணீர் விடுகிறாளா? வெதுவெதுப்பான துணி ஒற்றி, கையால் கொஞ்சம் பீய்ச்சிவிட்டு, இளகியதும் பிள்ளையை விடுவார்கள். நீங்கள் “ரெண்டு நாள் குடுக்காம விடு, தானா அடங்கிடும்” என்று சொல்லுங்கள். அடங்கும், பாலும் சேர்ந்துதான்.

இப்போது பவுடர் டப்பா. 1992இல் வந்த சட்டப்படி, குழந்தைப் பால் பவுடருக்கு விளம்பரம் கூடாது, கம்பெனிக்காரன் தாய்மாருக்கு இலவச டப்பா நீட்டக் கூடாது. சட்டம் கம்பெனிக்குத்தான், சித்தப்பாவுக்கு இல்லை. தாராளமாக வாங்கிக்கொண்டு போங்கள், ரப்பர் நிப்பிள் வைத்த பாட்டிலோடு. ஒரு வேளை பாட்டில் குடித்த பிள்ளை அந்த வேளைக்கு மார்பில் சப்பாது. சப்பாத மார்பு அடுத்த வேளைக்குக் குறைவாகச் சுரக்கும். குறைந்ததைப் பார்த்து இன்னொரு பாட்டில் கலக்கலாம். டாக்டரே ஏதோ காரணத்துக்காகக் கூடுதல் பால் கொடுக்கச் சொன்னால், நம் பாட்டிமார்களின் பாலாடை இருக்கிறது: நீண்ட மூக்கு வைத்த குட்டிக் கிண்ணம். குறைமாதப் பிள்ளைகளுக்குப் பீய்ச்சிய தாய்ப்பாலை அதில் ஊட்டுகிற பழக்கம் ஆஸ்பத்திரிகளுக்கே போய், ஆங்கில மருத்துவ இதழ்களிலும் ‘பாலாடை’ என்ற பேரோடே ஏறியிருக்கிறது. அதைப் பரண்மேல் இருந்து யாரும் இறக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

மல்லிகைப் பூ வாங்கிப் போகலாமா என்று கேட்பீர்கள். பாலை வற்றச் செய்ய மார்பில் மல்லிகைச் சரம் கட்டுவது நம்மூர்ப் பழக்கம். வேலூர் சி.எம்.சி. மருத்துவர்கள் அதைச் சோதித்து, அதற்காகக் கொடுக்கும் மாத்திரையோடு ஒப்பிட்டு 1988இல் கட்டுரையே எழுதினார்கள். பூவும் வேலை செய்தது. ஆனால் தலையில் நாலு முழம் வைப்பதால் ஒன்றும் ஆகாது. நாக்கையே நம்புங்கள்.

பத்தியத்தில் கை வைக்காமல் வரலாமா? கடற்கரையோரத்தில் பிள்ளை பெற்றவளுக்குப் பால் சுறாப் புட்டு என்பது சாஸ்திரம். சுறாவை வேகவைத்து, மணல்தாள் மாதிரி இருக்கும் தோலைச் சுரண்டி எடுத்து, உதிர்த்துப் பிழிந்து, ஒரு கை பூண்டும் சின்ன வெங்காயமும் வதக்கிப் புரட்டினால் தெரு முழுக்க மணக்கும். நல்ல சாப்பாடு, சந்தேகமே இல்லை. ஆனால் பாலைக் கூட்டுவது பிள்ளையின் வாய்தான்: நாளுக்கு எட்டு முதல் பன்னிரண்டு தடவை, ராத்திரி உட்பட. ஆகவே புட்டைக் கொடுத்துவிட்டு, “மூணு மணிக்கு ஒருக்கா குடுத்தா போதும், ராவுல தூங்கட்டும்” என்று சேர்த்துச் சொல்லுங்கள். சுறாவின் மானமும் போகும்.

புருஷன்காரனை விட்டுவிடாதீர்கள். மாமல்லபுரத்தில் அர்ச்சுனன் தபசுக்குப் பக்கத்தில் பல்லவர் காலத்துக் குரங்குக் குடும்பம் ஒன்று கல்லில் இருக்கிறது. தாய் பால் கொடுக்கிறது, ஆண் குரங்கு அவள் தலையில் பேன் பார்த்துக்கொண்டிருக்கிறது. யோசனை எதுவும் சொல்வதாகத் தெரியவில்லை. உங்கள் மருமகன் அந்தப் பக்கம் போய், தண்ணீர்ச் செம்பை எடுத்துக் கொடுக்கவும் துணி அலசவும் கற்றுக்கொண்டு வந்துவிட்டால் உங்கள் உழைப்பு வீண்.

ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் இந்தக் கையேட்டை மூடி வைத்துவிடுங்கள். பிள்ளை பால் குடிக்க எழாமல் துவண்டு கிடந்தால், மஞ்சள் கை கால் வரை இறங்கினால், ஐந்து நாள் தாண்டியும் நாளுக்கு ஆறு தடவை மூத்திரம் போகாவிட்டால், தாய்க்கு மார் சிவந்து குளிர் காய்ச்சல் வந்தால், நீங்களே வண்டி பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள். ராத்திரியில் சந்தேகம் என்றால் 104க்குப் போன் போடலாம். முதல் வாரத்தில் பிறந்த எடையில் கொஞ்சம் குறைவது மட்டும் வழக்கம்தான். இரண்டு வாரத்தில் திரும்ப ஏறிவிடும். பத்தில் ஒரு பங்குக்கு மேல் குறைந்தால்தான் விஷயம்.

இவ்வளவுக்கும் மேலே அவள் பால் கொடுத்துவிட்டால் சோர்ந்துவிடாதீர்கள். புட்டு கொடுத்தது யார் என்று ஊருக்குச் சொல்லுங்கள். பிள்ளைக்கு ஏழாம் மாதம் பிறந்து கூழ் ஊட்ட ஆரம்பித்ததும் மறுபடி போய் உட்கார்ந்து, கேள்வியை மட்டும் மாற்றிக்கொள்ளலாம்: “இன்னுமாம்மா பால் குடுக்கற? அதான் கொயந்தைக்கு சோறு எறங்க மாட்டேங்குது.”