கண்டும் காணாமை: ஒன்பதாம் மெய்ப்பாடு

மெய்ப்பாடு எட்டு என்றார் தொல்காப்பியர். நகை, அழுகையில் தொடங்கி உவகையில் முடித்துவிட்டார். அவர் காலத்தில் ஹெச்61 மதர்போர்டு இல்லை. இருந்திருந்தால் ‘கண்டும் காணாமை’ என ஒன்பதாவதும் வகுத்திருப்பார் என்பது இவ்வாய்வின் துணிபு.

சான்றுப்பொருள், 2012இல் வாங்கிய, ஹெச்61 போர்டுள்ள என் கம்ப்யூட்டர். ஆய்வுக்களம் செகந்திராபாத் பார்க் லேனிலுள்ள செனாய் டிரேட் சென்டர், ஊர்வாயில் சிடிசி.

22 மில்லிமீட்டர் அகலம், 80 மில்லிமீட்டர் நீளத்தில் ஒரு என்விஎம்இ டிஸ்க். அதை அடாப்டர் கார்டில் பூட்டி, கிராபிக்ஸ் கார்டுக்கான நீள ஸ்லாட்டில் செருகினேன். விண்டோஸ் 10 அதைக் கண்டது, கொஞ்சியது, படங்களையெல்லாம் அதில் கொட்டியது. ஆனால் பவர் பட்டனை அழுத்தியதும் வரும் பூட் பட்டியலில் அதன் பெயரே இல்லை. சாலார் ஜங் மியூசியத்தில் இரட்டைச் சிலை ஒன்று உண்டு. முன்னால் நின்றால் மெஃபிஸ்டோபிலிஸ். பின்னாலுள்ள கண்ணாடியில் பார்த்தால்தான் மார்கரெட்டா. என் டிஸ்க்கும் அந்த ஜாதி.

இத்தனைக்கும் இரண்டும் ஒரே ஆண்டுப் பிறவிகள். ஹெச்61 வந்தது 2011. என்விஎம்இயின் முதல் வரையறை வெளியானதும் 2011 மார்ச். அடுத்தடுத்த தெருவில் பிறந்தும் பேச்சுவார்த்தை இல்லை. டிஸ்க்கைப் படிக்கும் டிரைவர் விண்டோஸில் இருக்கிறது. விண்டோஸோ அந்த டிஸ்க்குக்குள் குடியேற வேண்டும். பெட்டிச் சாவியைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டிய கதைதான். விண்டோஸுக்கு முன்பே விழிக்கும் பயாஸிடம் சொந்தச் சாவி வேண்டும், இல்லை.

தீர்வு குறித்து அறிஞரிடையே கருத்து வேற்றுமை உண்டு. முதல் கடைக்காரர் போர்டைத் தொடாமலே “நக்கோ” என்றார். “பர்சோன் போர்டு” என்று காலநிர்ணயமும் செய்தார். (ஐதராபாத்தில் ‘பர்சோன்’ என்பது முந்தாநாளும் ஆகலாம், நிஜாம் காலமும் ஆகலாம்.) பென்டிரைவில் குளோவர் என்ற பூட்லோடரைப் போட்டுப் பின்னால் செருகிவிடலாம் என்பது வேறொரு மரபு. அது டிரைவரை ஏற்றிக் கதவைத் திறந்துவிடும். பென்டிரைவ் மட்டும் வீட்டோடு மாப்பிள்ளையாகத் தங்கிவிடும். 2015இல் வந்த சாம்சங் 950 ப்ரோ, பூட் ஆவதற்கான நிரலைத் தானே கட்டுச்சோறாகக் கொண்டுவந்தது. அடுத்து வந்த 960 வெறுங்கையோடு வந்தது.

நான் சார்ந்தது செருகல் மரபு. போர்டின் பயாஸ் கோப்பை யூஇஎஃப்ஐடூலில் திறந்து, என்விஎம்எக்ஸ்பிரஸ்டிஎக்ஸ்இ என்ற சிறு டிரைவரை உள்ளே நுழைப்பது. கோப்பு முடிந்தது, சிப்பில் எழுத வேண்டுமே! மாடிக்கடைப் பையன் எட்டுக்கால் சிப்பின்மேல் கிளிப்பைக் கவ்வவிட்டான். பழையதை இருமுறை படித்து, இரண்டும் ஒன்றா என்று ஒப்பிட்டான். பிறகுதான் எழுதத் தொடங்கினான். அப்போது பார்த்து டியூப்லைட் சிமிட்டியது. யுபிஎஸ் ‘பீப்’ என்றது. தொல்காப்பியர் சொன்ன அச்சம் இதுவே. இரானி சாயா ஆறி ஆடை கட்டிவிட்டது.

பலன் சிறிதல்ல. ஹெச்61இன் சாட்டா வழி நொடிக்கு 300 எம்பியைத் தாண்டாது. இந்த ஸ்லாட்டின் நான்கு லேன்களில் கணக்குப்படி 2 ஜிபி ஓடும். சிஎஸ்எம்மை அணைத்து, ஜிபிடியில் விண்டோஸ் போட வேண்டும். அது வழக்கமான வேலை, விளக்கம் வேண்டாம்.

விளக்கம் வேண்டுவது பட்டியலில் வந்த பெயர். புத்தம்புது டிஸ்க்கை பயாஸ் அறிவித்த விதம்: ‘பாட்டா எஸ்எஸ்’. பாட்டா என்பது பட்டை வயர் காலத்து, எப்போதோ ஓய்வுபெற்ற இணைப்புமுறை. எங்கள் நாஞ்சில் நாட்டில் தாத்தாவுக்கு அதுதான் பெயர். பேரனுக்குப் பாட்டா பெயரை வைப்பது நம் வழக்கம். பயாஸ் வழக்கம் தவறவில்லை. இதைப் பையனுக்கு என் ஓட்டை இந்தியில் விளக்க முயன்றேன். அவன் கிளிப் வயரைச் சுருட்டிக்கொண்டே, பர்சோன் வந்த ஒரு லேப்டாப்பைத் திறக்கப் போய்விட்டான்.