நெஞ்சு விளக்கு நிறம் மாறுதல்: தோட்டத்து அல்ட்ராமேன் உரைமரபு குறித்து ஓர் ஆய்வு

ஒரு நூலுக்குப் பல உரை எழுவது தமிழில் புதிதன்று. திருக்குறளுக்குப் பதின்மர் உரை கண்டார்கள் என்று படித்திருக்கிறோம். அல்ட்ராமேன் என்னும் ஜப்பானியத் தொலைக்காட்சித் தொடருக்கு நெகிரி செம்பிலான் ரப்பர் தோட்டங்களில் எழுந்த உரைகள் பதின்மரோடு நிற்கவில்லை. லயத்துக்கு (குடியிருப்பு வரிசைக்கு) ஒன்று, எங்கள் லயத்தில் கதவுக்கு ஒன்று. ஏட்டில் ஏறவில்லை என்ற ஒரே குற்றத்துக்காக ஆய்வுலகம் அவற்றை ஒதுக்கி வைத்திருக்கிறது. அந்தக் குறையைத் தீர்க்கவே இதை எழுதுகிறேன். பட்டம் வேண்டி அல்ல. கேட்டுப் பார்த்தேன், தரமாட்டார்களாம்.

ஆய்வுக் களம், சிரம்பானிலிருந்து போர்ட்டிக்சன் போகிற பக்கம், ரந்தாவுக்கும் லுக்குட்டுக்கும் நடுவே கிடந்த ஒரு தோட்டம். காலம், எழுபதுகளின் பின்பாதியும் அதை ஒட்டிய சில ஆண்டுகளும். தரவு, என் நினைவு. அதை என் அக்கா பல இடங்களில் மறுக்கிறாள். அவள் மறுப்பையும் தரவாகச் சேர்த்துக்கொண்டேன், ஏற்கவில்லை.

மூலத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1966 ஜூலை 17 அன்று ஜப்பானில் தொடங்கி, வாரம் ஒன்றாக 39 பாகம் ஓடிய தொடர். ஆக்கியோர் எய்ஜி சுபுராயாவின் நிறுவனத்தார். 1954இல் காட்ஸில்லாவைத் திரையில் நடக்கவிட்ட அதே கை. எம்78 என்னும் ஒளிநாட்டிலிருந்து வந்த நாற்பது மீட்டர் உயர வீரன் ஹயாத்தா என்ற மனிதனுக்குள் குடியிருக்கிறான். வாரம் ஒரு பூதம் வரும். ஹயாத்தா சட்டைப்பையிலிருந்து ஒரு குழலை எடுத்துத் தூக்கிப் பிடித்தால் அல்ட்ராமேன் ஆகிவிடுவான். ஆனால் அந்த உருவில் பூமியில் அவனுக்கு மூன்று நிமிடம்தான். நேரம் தீரத் தீர, நெஞ்சிலுள்ள நீல விளக்கு சிவப்பாகி மினுக்கத் தொடங்கும். மூலம் இவ்வளவே. மற்றதெல்லாம் உரை.

உரைக்கு இத்தனை இடம் கிடைத்ததற்குக் காரணம் மின்சாரம். எங்கள் தோட்டத்து இஞ்சின் வீட்டில் ஜெனரேட்டர் இருட்டிய பிறகுதான் உறுமும். தொடர் அதற்கு முன்பே வந்துவிடும். ஆகவே பார்த்ததெல்லாம் பேட்டரியில். லோரி ஓட்டுகிற மாமா வீட்டில் மட்டும் ஒரு கறுப்பு வெள்ளைப் பெட்டி இருந்தது. அதன் கால்மாட்டில் பன்னிரண்டு வோல்ட் கார் பேட்டரி. சைக்கிள் கேரியரில் வைத்துக் கட்டி ரந்தாவுக்குக் கொண்டுபோய்ச் சார்ஜ் ஏற்றி வருவார்கள். முதல் இரண்டு நாள் படம் கண்ணைப் பறிக்கும். பிறகு நாலு பக்கமும் கறுப்பு விளிம்பு கட்டும். விளிம்பு தடிக்கத் தடிக்கப் படம் நடுவில் ஒடுங்கும். நாற்பது மீட்டர் வீரன் தீப்பெட்டி அளவுக்கு வந்து, அந்தத் தீப்பெட்டிக்குள்ளே நெஞ்சு விளக்கு மினுக்கிக்கொண்டிருக்கும்போதே பெட்டி 'டப்'பென்று அணைந்துவிடும். சண்டையின் முடிவைக் கண்ணால் பார்த்த வாரங்கள் என் கணக்கில் பாதிக்கும் கீழே.

தொல்காப்பியர் மெய்ப்பாடு எட்டு என்றார். எட்டையும் மாமா வீட்டுச் சிமெண்டுத் தரையில் நேரில் கண்டிருக்கிறேன். பூதம் கடலிலிருந்து தலையைத் தூக்கினால் அச்சம். அல்ட்ராமேன் அதன் வாலைப் பிடித்துச் சுழற்றினால் பெருமிதம். பக்கத்துப் பையன் ஆர்வத்தில் முழங்கையால் இடித்தால் வெகுளி. பெட்டி அணைந்த நொடியில் தோன்றியது ஒன்பதாவது. இருபது பிள்ளைகள் ஒன்றாக "ஆ..." என்று தொடங்கி, மாமாவின் முகத்தைப் பார்த்ததும் பாதியிலேயே விழுங்கிக்கொள்கிற ஒலி அது. தொல்காப்பியர் அதற்குப் பெயர் வைக்கவில்லை. பேட்டரியில் படம் பார்த்திருந்தால் வைத்திருப்பார்.

ஆக, ஒவ்வொரு புதிய பாகமும் இரண்டு முறை வெளியாயிற்று. முதல் முறை பெட்டியில், வால் அறுந்து. இரண்டாம் முறை மறுநாள் ரப்பர் பால் ஸ்டோரில், வால் ஒட்டி. காண்டா என்னும் தோள்தடியில் வாளிகளைத் தூக்கிவந்து எடைக்கு வரிசையில் நிற்கிற அரைமணி நேரத்தில்தான் பூதம் உண்மையில் செத்தது. பெட்டிப் பக்கமே வராத பெரியவர்கள்தாம் அங்கே தலைமை உரையாசிரியர்கள். முந்தின இரவு பிள்ளைகள் சோற்றுத் தட்டின் முன்னால் உளறியதுதான் அவர்களுக்கு மூலபாடம்.

ஸ்டோர் உரையின் தனித்தன்மை, எதையும் கூலிக் கணக்கில் வைத்துப் பார்ப்பது. "மூணு நிமிச வேலைக்கு யாருப்பா பேர் போடுறது? அரைப்பேர்கூட வராதே" என்பது ஓர் உரைகாரர் எழுப்பிய தடை; பேர் என்றால் ஒரு நாள் கூலி. தோட்டத் தொழிலாளர் சங்கம் 1954இல் தோன்றிய நாள் முதல் சந்தா கட்டிவந்தவர் அவர். அந்தக் கேள்வியைக் கேட்க உரிமை உள்ளவர். அதற்கு வேலையை மேற்பார்க்கும் மண்டோர் சொன்ன விடை: "மழை வந்துச்சின்னா ஒனக்கும் மூணு நிமிசந்தாண்டா." வெட்டிய மரத்தில் மழை இறங்கினால் பால் அதை ஏந்தும் மங்கில் நிற்காது, பட்டையெல்லாம் வழிந்து தண்ணீரோடு போய்விடும். விண்மீன் கூட்டத்து வீரனுக்கும் பால்மரம் வெட்டுகிறவனுக்கும் பொதுவான இடர் ஒன்று உண்டு என்பதை இவ்வளவு சுருக்கமாக நிறுவிய வேறு கட்டுரையை நான் படித்ததில்லை.

ஆயாக்கொட்டகை உரை ஒன்றும் இருந்தது. பிள்ளைகளைச் சாப்பிட வைக்கப் பூதத்தின் பெயரைப் பயன்படுத்தியதோடு அது முடிந்துவிட்டது. விரிக்க ஒன்றுமில்லை.

பிள்ளைகளின் உரை செய்முறை சார்ந்தது. அல்ட்ராமேன் இடது கையைக் கிடையாகவும் வலது கையை நிமிர்த்தியும் கூட்டல் குறிபோல் வைத்தால் கதிர் பாயும். எங்கள் கைகளிலிருந்து பாயவில்லை. முறை தவறா, கை தவறா என்று ஒரு பள்ளி விடுமுறை முழுக்க ஆராய்ந்துவிட்டு மாற்று வழி கண்டோம். ரப்பர் விதையைச் சிமெண்டுத் தரையில் வேகமாகத் தேய்த்து, சூடு ஏறியதும், பூதமாக நியமிக்கப்பட்டவனின் தொடையில் ஒற்றுவது. பூதம் ஒவ்வொரு முறையும் மூன்று நிமிடத்துக்குள் வீழ்ந்தது. சோதனையை எத்தனை முறை செய்தாலும் ஒரே முடிவு வரவேண்டும் என்பது அறிவியலின் விதி. அதற்கு இது முழுதும் பொருந்தும்.

இனி, உரைகாரர்கள் எல்லாரும் மோதிக்கொண்ட 34ஆம் பாகத்துக்கு வருகிறேன். அதில் ஹயாத்தா கறிச்சோறு சாப்பிட்டுக்கொண்டிருக்கிறான். பூதம் வருகிறது. எழுந்து ஓடி, கையைத் தூக்கி நிற்கிறான், ஒன்றும் நடக்கவில்லை. நிமிர்ந்து பார்த்தால் கையில் இருப்பது குழல் அல்ல, கரண்டி. உலகமெங்கும் ரசிகர்கள் இன்றுவரை சொல்லிச் சிரிக்கிற காட்சி இது. எங்கள் தோட்டத்தில் சிரிப்பு வர ஒரு நிமிடம் பிடித்தது. முதலில் வந்தது வியப்பு: "கறி திங்கிறான்டா!" கறி என்ற சொல் தமிழிலிருந்து கப்பலேறி எங்கெங்கோ சுற்றி ஜப்பானியத் தட்டு வரைக்கும் போனது அன்று எங்களுக்குத் தெரியாது. நம்ம ஆள் என்ற முடிவுக்கு வர அது தெரிந்திருக்க வேண்டியதும் இல்லை.

கரண்டி பற்றிய இறுதித் தீர்ப்பை வழங்கியவர் என் பாட்டி. வாசற்படியில் வெற்றிலை இடித்துக்கொண்டே சொன்னார்: "கையால அள்ளித் தின்னுருந்தான்னா இந்த வம்பு வந்துருக்குமா?" மறுப்பதற்கு இடமே இல்லாத உரை. ஜப்பானியத் தயாரிப்பாளர்கள் யாராவது இதைக் கேட்டிருந்தால் 34ஆம் பாகத்தையே எடுத்திருக்க மாட்டார்கள்.

அந்தப் பாகத்துப் பூதத்தின் பெயர் ஸ்கைடான். வானத்திலிருந்து தவறி விழுந்தது. கிடக்கிறது, கனம் தாங்க முடியவில்லை என்பதே அதன் மீது உள்ள பெருங்குற்றம். அதை வந்த வழியே திருப்பி அனுப்ப என்னென்னவோ செய்து பார்க்கிறார்கள். எங்களுக்குப் பேட்டரி அந்தக் கட்டத்தில் தீர்ந்துவிட்டது. மறுநாள் ஸ்டோரில் வழக்கத்துக்கு மாறாக உடனே முடிவு எட்டப்படவில்லை. வெட்டிப் போட்டான் என்றார் மண்டோர். அனுப்பிவிட்டான் என்றார் சங்கத்துக்காரர். கதையை ராத்திரி கேட்ட பாட்டி மட்டும் இடிப்பதை நிறுத்திவிட்டு, "அனுப்புறாங்களே, அதுக்குப் போற ஊரு ஏதாம்?" என்று கேட்டார்.

இந்த வினா எந்த நூலிலிருந்து வந்தது என்று தேடுவது ஆய்வாளன் கடமை. 1968இல் வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தது. குடியுரிமை இல்லாதவர்கள் பெர்மிட் எடுத்தால்தான் வேலை. 1969க்குப் பிறகு, பெர்மிட் கிடைக்காமல் ஏறத்தாழ 60,000 இந்தியத் தோட்டத் தொழிலாளர்கள் இந்தியாவுக்குக் கப்பலேறினார்கள். அடையாள அட்டையில், குடிமக்களுக்கு நீல ஐசி, குடியுரிமை இல்லாத நிரந்தரவாசிகளுக்குச் சிவப்பு ஐசி. பாட்டியுடையது சிவப்பு. அதைப் பவுடர் டப்பாவில் போட்டு, டப்பாவைத் துணியில் சுற்றி, துணியை அரிசி டின்னுக்குள் வைத்திருந்தார்.

நிறம் என்றதும் மீண்டும் தொடருக்கு வருகிறேன். வண்ணப் பெட்டி வரும்வரை நாங்கள் நெஞ்சு விளக்கின் நிறத்தைப் பார்த்ததே இல்லை. கறுப்பு வெள்ளையில் அது மினுக்கியதுதான் தெரியும். மலேசியத் தொலைக்காட்சி தொடங்கியது 1963 டிசம்பர் 28. வண்ணம் வந்தது சரியாகப் பதினைந்து ஆண்டு கழித்து, 1978 டிசம்பர் 28. தோட்டத்து எழுத்தர் கிராணியார் வீட்டுக்கு வண்ணப் பெட்டி வர இன்னும் கொஞ்ச காலம் ஆயிற்று. ஒரு நாள் அவர் வீட்டு வாசலில் பாட்டியும் எங்களோடு நின்று பார்த்தார். சண்டை நடந்தது. நீல விளக்கு சிவப்பாயிற்று, மினுக்கிற்று. அல்ட்ராமேன் பறந்து போய்விட்டான். "ஏன் பாட்டி போறான்?" என்று தங்கச்சி கேட்டாள். பாட்டி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "செவப்பாயிட்டா இருக்க விடமாட்டாங்கடா" என்றார்.

கிராணியார் வீட்டம்மா சிரித்தார். நானும் சிரித்தேன் என்று அக்கா சொல்கிறாள். அக்காவின் மறுப்புகளில் நான் ஏற்றுக்கொள்வது இது ஒன்றைத்தான்.

கடைசிப் பாகத்தில் அல்ட்ராமேன் ஜெட்டானிடம் தோற்கிறான். எம்78இலிருந்து ஸோஃபி என்று ஒருவன் வந்து அவனைக் கூட்டிப் போகிறான். தாத்தாவின் உரைப்படி ஸோஃபி ஒரு கங்காணி. 1938இல் இந்திய அரசு ஆள் அனுப்புவதை நிறுத்துவதற்கு முன்னால் கங்காணியோடு கப்பலேறி வந்தவர் தாத்தா. "கூட்டிக்கிட்டு வந்த கங்காணியத்தான் நான் பாத்துருக்கேன். கூட்டிக்கிட்டுப் போறவன இப்பத்தான் பாக்குறேன்" என்றார்.

பல ஆண்டுகள் கழித்து, கரண்ட் போகாத ஒரு வீட்டில் உட்கார்ந்து 34ஆம் பாகத்தை முழுதாகப் பார்த்தேன். அதில் பூதம் சாகிறது. பாடபேத ஆராய்ச்சி தெரிந்த எவரும் இதை இடைச்செருகல் என்றே கொள்வர். எங்கள் ஸ்டோரில் மூன்றாம் நாள், பாட்டியின் கேள்வி அங்கே போய்ச் சேர்ந்த பிறகு, ஒருமனதாக முடிவான பாடம் வேறு. அல்ட்ராமேன் ஸ்கைடானைக் கொல்லவும் இல்லை, திருப்பி அனுப்பவும் இல்லை. அலேக்காகத் தூக்கிக்கொண்டுபோய்ப் போர்ட்டிக்சனுக்குத் தெற்கே கடலோரம் இறக்கி வைத்தான். அது அங்கேயே படுத்துக்கொண்டது. கப்பல் முட்டாமல் இருக்க முதுகில் விளக்குப் போட்டிருக்கிறார்கள். தஞ்சோங் துவான் குன்றையும் அதன் மேலுள்ள கலங்கரை விளக்கத்தையும் பார்த்தவர்களுக்கு வேறு சான்று தேவைப்படாது. போர்ட்டுகீசியர் காலத்திலிருந்தே அங்கே விளக்கு இருப்பதாகச் சரித்திரக்காரர்கள் தடை எழுப்புவார்கள். ஸ்டோரில் அதையும் எழுப்பினார் ஒருவர். பால் எடை முடிந்துவிட்டதால் விவாதம் நின்றது.

லின்சம், சுவா பெத்தோங் பக்கத்துப் பிள்ளைகளும் அந்தக் குன்றைக் காட்டி இதையே சொல்லியிருப்பார்கள் என்பது என் ஊகம். பகாவ், ஜெராம் பாடாங் பக்கத்துப் பாடம்தான் எனக்குக் கிடைக்கவில்லை. அங்கே கடல் கிடையாது. பூதத்தை எங்கே இறக்கினார்கள் என்று தெரிந்தவர்கள் எழுதுங்கள்.