வேடவியல்: கடல் கடந்த படைமுகாம்களில் ஹாலோவீன் உடைத் தேர்வு குறித்த ஓர் ஆய்வு

பொருளதிகாரத்தில் தொல்காப்பியர் பேசாமல் விட்டவற்றுள் ஒன்று, அக்டோபர் 31 மாலையில் அமெரிக்கச் சிப்பாயின் பிள்ளை என்ன வேடம் கட்டும் என்பது. அக்குறையை நீக்க எழுந்ததே இக்கட்டுரை. ஆய்வுக்களம் ஜெர்மனியின் ராம்ஸ்டைன் விமானத் தளமும் அதை ஒட்டிய கைசர்ஸ்லவுட்டர்ன் வட்டாரமும். அமெரிக்காவுக்கு வெளியே அமெரிக்கப் படைக்குடும்பங்கள் இவ்வளவு திரளாக வாழும் இடம் வேறில்லை. ஆகவே வீடு வீடாக மிட்டாய் தண்டும் குட்டிப் பேய்களும் இங்கே மிகுதி. ஒப்புநோக்க ஜப்பானின் ஒகினாவாத் தீவிலுள்ள கடேனா தளம் எடுத்துக்கொள்ளப்பட்டது.

முதற்பொருள் நிலமும் பொழுதும் என்பது மரபு. ராம்ஸ்டைனில் அக்டோபர் முடிவில் மாலைக் குளிர் பத்து பாகைக்குக் கீழே இறங்கிவிடும். பட்டாம்பூச்சியாகப் புறப்படும் சிறுமி கோட்டுக்குள் புகுந்ததும் வெறும் கோட் போட்ட சிறுமியாகிவிடுகிறாள். இறகைக் கோட்டுக்கு மேல் கட்டுவதா, கோட்டைக் கழற்றிவிட்டுச் சளி பிடிப்பதா என்பதில் தாய்மார் இரு கட்சியாக உள்ளனர். ஒகினாவாவில் நிலைமை தலைகீழ். அங்கே அப்போதும் பகலில் 25 பாகைக்கு மேல் வெயில் காயும். காற்றடைத்த டைனோசருக்குள் இருக்கும் பையன் மூன்றாவது வீட்டுக்குள் வெந்துவிடுவான். போதாக்குறைக்குப் புயல் பருவமும் முடிந்திருக்காது.

பொழுதிலும் ஒரு சிக்கல் உண்டு. ஐரோப்பா கடிகாரத்தை அக்டோபரின் கடைசி ஞாயிறே ஒரு மணி நேரம் பின்தள்ளிவிடும். அமெரிக்கா 2007 முதல் நவம்பரின் முதல் ஞாயிறு வரை பொறுத்திருக்கிறது. ஆகவே ராம்ஸ்டைனில் ஹாலோவீன் அன்று ஐந்தேகால் மணிக்குள் பொழுது சாய்ந்துவிடும். இங்குதான் படையினரின் ஒளிரும் பட்டை ஆய்வுக்குள் நுழைகிறது. இருட்டில் ஓடும் வீரன் வண்டியில் அடிபடாதிருக்க ஏற்பட்ட, பளபளக்கும் மஞ்சள் பட்டை அது. படையினரே அதைக் கேலி செய்து சலித்துவிட்டனர். ஆனாலும் வீட்டுக்கு ஒன்று தப்பாமல் கிடக்கும். எனவே முகாமில் உலவும் டிராகுலாவும் சூனியக்காரியும் எலும்புக்கூடும், போக்குவரத்துப் பாதுகாப்பில் அக்கறையுள்ள ஆவிகளாகவே காட்சி தருகின்றனர்.

கருப்பொருளுள் தலையாயது தபால். இதை விரித்தே சொல்லவேண்டும். படைக்குடும்பத்தின் முகவரியில் நாட்டின் பெயர் இராது. ஏபிஓ, ஏஇ, பிறகு 09 என்று தொடங்கும் எண். இதைக் கண்டு அமெரிக்கத் தபால்துறை ஜெர்மனிக்குப் போகும் பொதிக்கும் உள்நாட்டுக் கட்டணமே வாங்கும். சலுகைதான். ஆனால் இம்முகவரியைக் கண்டதும் 'அனுப்ப இயலாது' என்று கைவிரிக்கும் இணையக் கடைகள் பல. அனுப்பும் கடையிலும் தலைமயிருக்குப் பச்சையடிக்கும் தெளிப்பான் குப்பி கிடைக்காது. அது விமானத்தில் ஏறாது. பாட்டி அனுப்பினால் சுங்கப் படிவம் நிரப்பவேண்டும். 'ஒற்றைக் கொம்புக் குதிரையின் கொம்பு, ஒன்று. பஞ்சு. விலை ஆறு டாலர்' என்று நடுங்கும் கையெழுத்தில் எழுதி, கீழே ஒப்பமிட்டு, தடைசெய்த பொருள் எதுவும் இல்லை என்று அந்தப் பாட்டி அரசுக்கு உறுதி கூறுகிறாள்.

பொதி பெரும்பாலும் சிகாகோ வரை ஒழுங்காகப் போகும். ராணுவத் தபால் அங்கே ஒன்றுதிரண்டுதான் கடல் கடக்கும். அதன்பின் மௌனம். சங்கத் தலைவி சுவரில் கோடிட்டு நாள் எண்ணினாள். முகாம் தலைவி கைப்பேசியில் தட எண்ணைத் தட்டித் தட்டிப் பார்க்கிறாள். 'சிகாகோவை விட்டுப் புறப்பட்டது' என்ற ஒரே வரி வாரக்கணக்கில் மாறாது. ஆகவே ஆகஸ்டிலேயே வாங்கிவிடுவது அறிவுடைமை. அதில் ஒரு தடை உண்டு. ஆகஸ்டில் சுறாவாக இருந்த பிள்ளை செப்டம்பரில் தீயணைப்பு வீரனாகி, அக்டோபர் நடுவில் பொதியைப் பிரிக்கும்போது, "அம்மா, நான் இப்ப சுறா இல்ல" என்று அறிவித்துவிடும். பிள்ளையின் ஆசை தபாலைவிட வேகமாகப் பயணிக்கிறது என்பதே இவ்வாய்வின் நடுவண் கண்டுபிடிப்பு.

தபாலை நம்பாதவர்க்கு எக்ஸ்சேஞ்ச் என்னும் படைக்கடை உண்டு. 1895இல் தொடங்கிய இக்கடை மரபின் மிகப் பெரிய கிளைகளுள் ஒன்று ராம்ஸ்டைனில்தான். ஆனால் தெருவே ஒரே கடையில் வாங்கினால் தெருவே ஒரே வேடம் போடும். 'ஃப்ரோசன்' படம் 2013 கடைசியில் வந்தது. அடுத்த ஆண்டு அதன் நாயகி எல்சாவின் உடைக்கு அமெரிக்காவிலேயே தட்டுப்பாடு. அக்காலத்தில் கதவைத் திறந்தவர்களுக்கு எல்சாக்களைத் தரம் பிரிப்பது எளிதாக இருந்திராது.

இன்னொரு வழி, படைத்துணைவியர் நடத்தும் பழம்பொருள் கடை. அங்கே தொங்கும் ஒரு பச்சை டிராகனைக் கூர்ந்து நோக்குக. வால் ஒருமுறை அறுந்து நீல நூலால் தைக்கப்பட்டிருக்கிறது. கழுத்துப் பட்டையின் உள்ளே மார்க்கரில் ஒரு பெயர், அதன்மேல் கோடு. இன்னொரு பெயர், கோடு. மூன்றாவது பெயர் சலவையில் பாதி கரைந்தது. சிப்பாய்கள் சில ஆண்டுகளில் மாறிப் போய்விடுகிறார்கள். பணிமூப்பின்படி பார்த்தால் இந்த டிராகன் தளத் தளபதிக்கு முன்னால் வைத்து எண்ணத்தக்கது.

உரிப்பொருள் பிரிவு. ஓதல், பகை, தூது என மூன்று பிரிவைத் தொல்காப்பியர் சொன்னார். கிராஃபென்வோர் பயிற்சிக் களத்துக்குப் போவது ஓதல், படையெடுப்பு பகை, தூதரகப் பணி தூது. கிழவரின் தீர்க்கதரிசனம் பென்டகனுக்கு எட்டியதாகத் தெரியவில்லை. தந்தை பிரிந்த வீட்டில் வேடத்தைத் தேர்வதும் தைப்பதும் ஒருத்தியே. தந்தையின் பங்கு, நேர வித்தியாசம் பார்த்து அழைத்துத் திரையில் வரும் கடற்கொள்ளையனைக் கண்டு அஞ்சுவது.

அவர் விட்டுப்போன சீருடையையே பிள்ளைக்கு மாட்டினால் என்ன எனின், சட்டம் குறுக்கே நிற்பதாகத் தெரியவில்லை. நடிகர் நாடகத்தில் படைச்சீருடை அணியலாம் என்பதை 1970இல் ஷாக்ட் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றமே ஒப்பிவிட்டது. தடை கலையின் பாற்பட்டது. எல்லா வீட்டிலிருந்தும் காலையில் அதே உடை வெளியேறும் தெருவில் அது வேடம் ஆகாது.

எல்லாம் பொய்த்தபோது கைகொடுப்பது அட்டைப்பெட்டி. அடிக்கடி வீடு மாறும் குடும்பத்தில் பெட்டிக்குப் பஞ்சமில்லை. தலைக்கு ஒன்று, உடம்புக்கு ஒன்று, கைக்கு இரண்டு ஓட்டை, மேலே அலுமினியத் தாள்: ரோபோ. நெஞ்சில் 'சமையலறை, உடையும் பொருள்' என்ற எழுத்து மட்டும் தாளை மீறித் தெரியும்.

வேடம் நவம்பரில் வந்து சேர்ந்தால் அது வீணோ எனின், அன்று. நவம்பர் 11, காலை 11 மணி 11 நிமிடத்தில் ஜெர்மானியர் தம் மாறுவேடப் பருவத்தைத் தொடங்குவர். பிப்ரவரி வாக்கில் ஃபாஷிங் என்னும் அப்பருவம் உச்சம் பெறும். உள்ளூர் மழலைப் பள்ளியில் அன்று சுறா வேண்டும். இவ்விரு திருநாளுக்கும் ஒரு தொடர்பும் உண்டு. 1991இல் வளைகுடாப் போரின் பொருட்டு மைன்ஸ் போன்ற நகரங்கள் ஃபாஷிங் ஊர்வலத்தையே விட்டுவிட்டன. இழப்பைக் கண்ட ஜெர்மன் வேட வணிகர் 1994 முதல் ஹாலோவீனை விளம்பரப்படுத்தத் தலைப்பட்டனர். படை போனதால் ஒரு வேடத் திருநாள் நின்றது. அதனால் இன்னொன்று வந்தது. ஆகவே ராம்ஸ்டைனில் எந்த வேடமும் தாமதமாவதில்லை, அடுத்ததற்கு முன்கூட்டியே வருகிறது. ஓர் அளவு பெரிதாக வாங்கியிருக்கவேண்டும், அவ்வளவே.

ஃபாஷிங்கும் கடந்து வந்தால்? கோடைக்குள் மாற்றல் ஆணை வந்துவிடும். பொதியும் பின்னாலேயே புது முகவரிக்குத் திருப்பப்படும். இவ்வாறு ராம்ஸ்டைன் குளிரைக் கருதி வாங்கிய கம்பளிப் பனிக்கரடி ஒன்று கடேனாவுக்குப் போய்ச் சேர்வதன் விளைவுகள் அடுத்த இயலில் ஆராயப்படும்.