மூடுபனி மகாத்மியம்

எங்கள் நகரி மலைக்கு ஒரு மூக்கு உண்டு. கடலில் வந்த கப்பல்காரர்கள் அந்த மூக்கைப் பார்த்துத்தான் 'ஆகா, மதராஸ் கரை வந்துவிட்டது' என்று தெரிந்துகொள்வார்களாம். வெள்ளைக்காரன் 'நகரி நோஸ்' என்று பெயர் வைத்துக் குறித்தே வைத்திருக்கிறான். ஆனால் மலையடியில் குடியிருக்கும் எங்களுக்கு மார்கழியில் காலை எட்டு மணி வரை அந்த மூக்கு தெரியாது. பனி. மூக்கு தெரியாத வரைக்கும் மலை எவ்வளவு பெரிசு என்று யாராலும் சொல்ல முடியாது. இந்த ரகசியத்தைத் தெரிந்துகொள்ள ஒரு பெரிய கம்பெனிக்குப் பல கோடி செலவும் ஒரு மன்னிப்புக் கடிதமும் தேவைப்பட்டன. அந்தப் புராணம் இது.

2004 அக்டோபர். ராக்ஸ்டார் கம்பெனி என்ற மகாராஜா 'ஜிடிஏ சான் ஆண்ட்ரியாஸ்' என்ற வீடியோ கேம் ராஜ்ஜியத்தை பிளேஸ்டேஷன் 2-இல் கட்டி முடித்தார். பெட்டிக்குள் மெயின் மெமரி 32 எம்பி. இன்றைக்கு வாட்ஸ்அப்பில் வரும் காதுகுத்து வீடியோ அதைவிடப் பெரிசு. அதற்குள் மூன்று நகரம், ஒரு பாலைவனம், சிலியட் என்று ஒரு மலை, போதாததற்கு ஒரு ரயில். அத்தனையையும் ஒரே நேரத்தில் காட்டினால் பெட்டி மூச்சு முட்டிச் செத்துவிடும். அதனால் தூரத்தில் இருப்பதையெல்லாம் புகைமூட்டத்தால் மூடினார்கள். சுவரில் விரிசல் விட்ட இடத்தில் முருகன் காலண்டர் மாட்டுவது போலத்தான். மேலே ஓர் ஆரஞ்சுச் சாயமும் பூசினார்கள். அசல் லாஸ் ஏஞ்சல்ஸும் புகைமண்டிய ஊர்தானே, பொருந்திவிட்டது. வறுமையில் செய்த வேலைக்குக் கலை என்று பெயர் வந்தது.

2005 ஜூனில் அதே ஆட்டம் கம்ப்யூட்டருக்கு வந்தது. வரும் வழியில் அந்தச் சாயம் வெளுத்துவிட்டது, வேறு சில ஜோடனைகளும் உதிர்ந்துபோயின. எங்களுக்கு என்ன தெரியும்? நகரியில் பிளேஸ்டேஷனை யார் பார்த்தது? இதுதான் சான் ஆண்ட்ரியாஸ் என்று கும்பிட்டோம்.

பிறகு ரஷ்யாவிலிருந்து போரிஸ் வோரன்ட்சோவ் என்றொரு முனிவர், ஆட்டத்தை மினுக்கும் 'இஎன்பி' என்ற யாகத்தை ஆரம்பித்தார். கார்களில் வானம் தெரிந்தது, தண்ணீரில் கட்டடம் தெரிந்தது, விளக்குகளில் ஒளி வழிந்தது. அவர் கொடுத்தது கருவிதான். அதை எந்த அளவுக்குத் திருகி ஊருக்குக் கொடுப்பது என்று முடிவு செய்தவர்கள் ஊர் ஊராக இருந்த சிஷ்யகோடிகள். அவர்களில் ஒருவர்கூட 'போதும்' என்று கையெடுத்ததாக வரலாறு இல்லை. கல்யாண ஆல்பத்தில் மாப்பிள்ளையை வெளுக்க வைக்கும் ஸ்டுடியோக்காரர் மாதிரி, எல்லாவற்றையும் கடைசிப் புள்ளி வரை ஏற்றி அதையே டீஃபால்ட் என்று வைத்துவிட்டார்கள்.

எங்கள் தெரு பிரவுசிங் சென்டர் அண்ணன் அப்படிப்பட்ட ஒரு பேக்கை சிடியில் வாங்கி வந்தார். சென்டருக்குப் பின்னாலேயே நாலு விசைத்தறி ஓடும். மொத்தம் ஐந்து சிஸ்டம், ஒன்றில்கூட கிராபிக்ஸ் கார்டு கிடையாது. எல்லாவற்றிலும் போட்டார், நாலாம் நம்பரைத் தவிர. அதில் சிடி டிரைவ் ரிப்பேர். கார் துலக்கிய பித்தளைச் செம்பு போல மின்னியது உண்மைதான். ஆனால் ஆட்டத்தின் நாயகன் சிஜே ஒரு காலைத் தூக்கி வைத்தால் அடுத்த காலை வைப்பதற்குள் பின்னால் தறியில் அரை விரற்கடை துணி நெய்து முடித்திருக்கும். மணிக்கு பதினைந்து ரூபாய் மட்டும் எந்தத் தடங்கலும் இல்லாமல் ஓடியது. ஹெசோயம் என்று சீட் கோடு அடித்தால் இரண்டரை லட்சம் டாலர் வரும். வேகத்துக்கு எந்த மந்திரமும் இல்லை.

"இன்னாண்ணா, ஒரே ஸ்லோவா போவுது?"

"எப்டி மின்னுது பாரு, அத்த பாரு."

ஒரு வாரத்தில் நாலாம் நம்பருக்கு மட்டும் வாசல் வரைக்கும் கியூ. அண்ணன் பழசுக்குத் திரும்பவில்லை; நாலாம் நம்பருக்கு ரேட்டை இருபது ஆக்கினார்.

"செட்டிங்கில் போய் குறைத்திருக்கலாமே" என்பீர்கள். யார் போனது? டீஃபால்ட் என்பது அப்படித்தான், ஒருவர் போட்டு வைப்பார், மற்றவர்கள் அதில் குடியிருப்பார்கள். 1960 ஏப்ரல் 1-இல் எல்லை வகுத்த படாஸ்கர் சொன்ன கோட்டின்படி திருத்தணி மதராஸ் ராஜ்ஜியத்துக்குப் போனது, நகரி ஆந்திராவிலேயே நின்றது. ம.பொ.சி. எவ்வளவோ முட்டிப் பார்த்தார். அறுபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. வீட்டில் தமிழ், ரேஷன் கார்டில் தெலுங்கு. எங்களுக்கும் செட்டிங் மெனு யாரும் காட்டவில்லை.

புராணத்துக்குத் திரும்புவோம். 'ஆப்' என்ற புனைபெயரில் ஒருவர் வந்தார். எல்லோரும் புதுசாக மினுக்கிக்கொண்டிருக்க, இவர் மட்டும் பழசைத் தோண்டினார். பிளேஸ்டேஷனில் அந்தச் சாயத்தை எப்படிப் பூசினார்கள் என்று கணக்குப் பிசகாமல் கண்டுபிடித்து, 'ஸ்கைஜிஎஃப்எக்ஸ்' என்ற மாட் (ரசிகர்களே செய்யும் ஒட்டுவேலை) மூலம் கம்ப்யூட்டருக்குக் கொண்டுவந்தார். பிளேஸ்டேஷன் நிறமா, கம்ப்யூட்டர் நிறமா, மொபைல் நிறமா, நீங்களே ஒரு வரியில் எழுதிக்கொள்ளலாம். ஊதியம் பூஜ்யம். அவரும் கூட்டாளிகளும் ஜிடிஏ 3, வைஸ் சிட்டி ஆகியவற்றின் நிரலை முழுக்கத் திருப்பி எழுதியபோது, மகாராஜாவின் தாய்க் கம்பெனி டேக்-டூ 2021 பிப்ரவரியில் அதை இணையத்திலிருந்து இறக்கவைத்தது. செப்டம்பரில் வழக்கும் போட்டது. பெயரிலேயே ஆப்பு இருந்தது, வைத்தவர்கள் வேறு ஆட்கள்.

ரசிகர்களை ஒழித்துவிட்டு மகாராஜா வெளிக் கம்பெனி ஒன்றிடம் மெருகேற்றக் கொடுத்தார். 2021 நவம்பர் 11, 'டெஃபினிட்டிவ் எடிஷன்'. அதாவது இதுவே இறுதி, இதுவே உறுதி. மழை பெய்தது, வானத்திலிருந்து இடியாப்பம் பிழிந்தது போல வெள்ளை வெள்ளையாக. திருகுநட்டு வடிவத்தில் இருந்த டோனட் கடை பொம்மையை வழவழவென்று உருட்டிவிட்டார்கள். கடையின் பெயரே 'டஃப் நட்'; அறுகோணம் போனதும் ஜோக்கும் போனது.

எல்லாவற்றையும் விடப் பெரிய திருப்பணி, பனியை எடுத்தது. இப்போதுதான் பெட்டிக்குள் மெமரி கொட்டிக்கிடக்கிறதே, எதற்கு மறைக்க வேண்டும்? சிலியட் மலையேறிப் பார்த்தால் ராஜ்ஜியம் முழுக்க உள்ளங்கையில் தெரிந்தது. பக்கத்துக்கு ஆறு கிலோமீட்டர். நகரியிலிருந்து புத்தூர் போகும் தூரத்தில் பாதிகூட இல்லை. வருஷக்கணக்காக நாங்கள் தொலைந்துபோன தேசம், சந்தை மைதானத்தில் போட்ட கண்காட்சி அளவுக்கு உட்கார்ந்திருந்தது. எட்டே நாளில் மன்னிப்புக் கேட்டார்கள், பழைய பதிப்பையும் கம்ப்யூட்டருக்குத் திரும்ப விற்பதாகச் சொன்னார்கள்.

என்னைக் கேட்டால், முதலில் செய்தவன் எதைப் பார்த்துக்கொண்டு செய்தானோ அதுதான் டீஃபால்ட். மின்னுவது, வழிவது, சொட்டுவது எல்லாம் மெனுவில் இருந்துவிட்டுப் போகட்டும். வேண்டியவன் போய்த் திருகிக்கொள்வான். இதை நாலாம் நம்பர் சிஸ்டம் 2008-லேயே தீர்ப்பாகச் சொல்லிவிட்டது, அதுவும் சிடி டிரைவ் வேலை செய்யாததால்.

2023 டிசம்பரில் மொபைலுக்கு வந்த பதிப்பில் 'கிளாசிக் லைட்டிங்' என்று ஒரு பொத்தான் வைத்தார்கள். 2024 நவம்பரில் அது கம்ப்யூட்டருக்கும் வந்தது. அமுக்கினால் பழைய வானமும் பழைய மூட்டமும் திரும்பி வரும். பனி திரும்பி வர மூன்று வருஷம் ஆனது. நகரி மலையில் அது ஒவ்வொரு மார்கழியும் தானாகவே வருகிறது.