ஊர்காட்டி மாமா

ஏப்ரல் 15 பிறந்தால் ஜெகதாப்பட்டினத்தில் விசைப்படகெல்லாம் கரையோடு கட்டிக் கிடக்கும், மாமா கிளம்பிவிடுவார். ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். பள்ளிக்கூட லீவும் அப்போதுதான் என்பதால், கடலோரத்தில் சொந்தம் இருக்கிறது, மீனாகத் தின்றுவிட்டு வரலாம் என்று கோயம்புத்தூரிலிருந்தும் திருப்பூரிலிருந்தும் ஜனம் வந்து இறங்கும். மீன் அருகிப்போன மாசத்தில் மீன் தின்ன வந்தவர்களை வீட்டில் உட்காரவிட்டால் வம்பு. வேனில் ஏற்றிவிட வேண்டியதுதான்.

மாமா என்று ஒருவரைச் சொல்லவில்லை. தெருவுக்கு ஒருத்தர் தேறுவார். சொந்தத்தில் ஒரு படகு, வாடகைக்கு ஒரு வேன், டிரைவர் பக்கத்து சீட்டு நிரந்தரமாக அவருக்கு. அதில் உட்கார்ந்தாலும் முகம் பின்னால் இருக்கிற நம்மைப் பார்த்துத்தான் இருக்கும். கிழக்குக் கடற்கரைச் சாலையில் இத்தனை வருஷம் போய் வந்தவர், அந்தச் சாலையை நேராகப் பார்த்திருப்பாரா என்பது சந்தேகம்.

போன வருஷம் நானும் பின்சீட்டில் புளிச்சோற்றுத் தூக்கை மடியில் வைத்துக்கொண்டு போனேன். முதலில் ஆவுடையார்கோயில். உள்ளே நுழைந்ததும் எல்லோர் கழுத்தையும் மேலே திருப்பிவிட்டார் மாமா. கல்லை மரச்சட்டம் மாதிரி இழைத்துச் செய்த கொடுங்கை. அந்தக் காலத்து ஸ்தபதிகள் ஒப்பந்தம் எழுதும்போது, 'ஆவுடையார்கோயில் கொடுங்கை நீங்கலாக' என்று முன்னெச்சரிக்கையாகச் சேர்த்துக்கொள்வார்களாம். இதை மாமா சொல்லும்போது, அந்த ஒப்பந்தத்தில் சாட்சிக் கையெழுத்து அவர்தான் போட்டார் என்று தோன்றும். இங்கே சாமிக்குச் சுடுசோற்றின் ஆவிதான் நைவேத்தியம் என்றார்.

"ஆவி மட்டுந்தானா தாத்தா? சாமிக்குப் பசிக்காதா?" என்றது கோயம்புத்தூர்ப் பொடிசு.

"உங்களை மாதிரி வஞ்சிரம் வேணும்னு கேக்கலைல்ல!"

அடுத்து மனோரா. சோதனை அங்கேதான் வந்தது. கூட வந்த சிங்கப்பூர் மாப்பிள்ளை வழி நெடுக, தான் ஆல்ப்ஸ் மலைக்குப் போய் வந்த படங்களைப் போனில் தள்ளித் தள்ளிக் காட்டிக்கொண்டே வந்தார். பனி, ரயில், பசுமாடு, மறுபடியும் பனி. முன்சீட்டுப் பேச்சை யாரும் கேட்கவில்லை. மாமா முதல்முறையாகத் திரும்பி ரோட்டைப் பார்த்தார்.

மனோரா எட்டு அடுக்குக் கோபுரத்தின் நிழலில் நின்றதும் தெம்பு வந்துவிட்டது. "மாப்ளே, நெப்போலியன்னு ஒருத்தன். உங்க ஆல்ப்ஸையே குதிரையில தாண்டினவன்."

"குதிரை இல்ல மாமா, கோவேறு கழுதை. அங்க கைடு சொன்னாரு."

"எதுல வேணாலும் போகட்டும் மாப்ளே. அவன் ஜெயிச்சதைத்தான் அங்க காட்டியிருப்பாங்க. வாட்டர்லூல தோத்ததுக்குக் கோபுரம் கட்டுனது நம்ம தஞ்சாவூர் சரபோஜி ராஜா!"

மாப்பிள்ளை போனைப் பைக்குள் போட்டார். வாட்டர்லூ சண்டை நடந்தது 1815-இல். மனோராக் கல்வெட்டில் இருப்பது 1814. நெப்போலியன் முதல்தரம் பட்டத்தை விட்டு இறங்கிய வருஷம் அது. இதை மாமாவிடம் சொல்லிவிடாதீர்கள். சரபோஜிக்கு அவ்வளவு முன்யோசனை என்பார்.

மறுநாள் ராமேசுவரம். நாலரைக்கே வேன் வாசலில் நின்றது. பொடிசையும் மாப்பிள்ளையையும் காணோம். தேடிக்கொண்டு போனேன். வீட்டிலிருந்து ஐந்து நிமிஷ நடையில் கரை. இரண்டு நாளாக அந்தப் பக்கம் யாரையும் மாமா கூட்டிப்போகவில்லை. 'அங்க என்ன இருக்கு, தண்ணிதானே' என்பார். விடிகிற வெளிச்சத்தில், தடைக்காலம் பாதிக்காத நாட்டுப்படகு ஒன்று வந்து நின்றிருந்தது. ஒரு அம்மா வலையை மடியில் போட்டுக்கொண்டு, சிக்கியிருந்த நண்டைக் கால் ஒடியாமல் ஒவ்வொன்றாக விடுவித்துக்கொண்டிருந்தார். நீலக்கால் நண்டு. பொடிசு மூச்சுவிடாமல் பார்த்தது. மாப்பிள்ளை மணலில் முட்டி போட்டுப் படமெடுத்துக்கொண்டிருந்தார். தள்ளி, கட்டிக் கிடந்த விசைப்படகுகளில் ஒன்று புதுப் பச்சைப் பெயிண்டில் பளபளத்தது. மாமாவின் படகுதான்.

தெருமுனையிலிருந்து வேன் ஹாரன் விடாமல் கத்தியது. பின்னாலேயே மாமாவின் குரல்.

"ஏய், வெயில் ஏறுது, வாங்கப்பா! ராமேசுவரத்துல கடல் இருக்கு, நான் காட்டுறேன்!"