சிங்கரின் வாரிசுகள்

சொத்து என்பது அதை அடைந்தவர் சுகிப்பதற்கு என்று உலகம் நம்பிக்கொண்டிருக்கிறது. எங்கள் குடும்பத்துச் சிங்கர் தையல் யந்திரமோ, தன்னை அடைந்தவரைச் சகல பந்துக்களுக்கும் சம்பளமில்லாத தையற்காரராக்கிவிடும் விபரீதச் சொத்து. சர்வமும் துறந்த சமண முனிவர்களின் கற்படுக்கைகள் உள்ள சிதறால் திருச்சாணத்து மலையின் அடிவாரத்தில், ஒரு கிழிசலைக்கூடத் துறக்க மனமில்லாத குடும்பமாக நாங்கள் வசித்துவந்ததே இதற்குக் காரணம்.

யந்திரத்தின் மேல் எனக்குக் குறையொன்றுமில்லை. வார்ப்பிரும்புக் கால்களும், கறுத்த உடலில் பொன்வர்ணச் சித்திரங்களும், படகுபோல நீண்ட நூல்நாழியுமாக அது இன்றும் திடகாத்திரமாகவே இருக்கிறது. மிதியில் ஒரு பாதத்தை முன்னும் மற்றதைச் சற்றுப் பின்னுமாக வைத்து, வலக்கையால் சக்கரத்தைத் தம் பக்கமாக ஒரு தட்டுத் தட்டி ஆச்சி ஆரம்பித்தால், தையல் நேர்கோடாக ஓடும். சக்கரம் எதிர்த்திசையில் சுழன்றதோ, நூல் அறுந்து சிக்காகிவிடும். மெஷின் எண்ணெய்க்குப் பதிலாகத் தேங்காயெண்ணெயை வார்த்து, உள்ளே பிசின் பிடிக்கவைத்த மாமாவுக்கு, அதை மண்ணெண்ணெயால் கழுவி முடிக்கும்வரை ஆச்சி கஞ்சி ஊற்றவில்லை.

எங்களைப் போன்ற நாஞ்சில் நாட்டு வேளாளர் குடும்பங்களில் சொத்து இறங்கும் மார்க்கம் நேராக இருந்ததில்லை. மாமன் சொத்து மருமகனுக்குப் போன மருமக்கள் வழியின் அலங்கோலங்களைக் கவிமணி தம் ‘மருமக்கள் வழி மான்மிய’த்தில் நையாண்டி செய்தார்; 1926-இல் திருவிதாங்கூரில் நாஞ்சில் நாட்டு வேளாளர் சட்டம் வந்து, மனைவி மக்களுக்கும் பாத்தியதை உண்டென்றது. ஆனால் எங்கள் வீட்டில் பாகம் பிரித்தபோது, ஊசிமுனை நிலத்துக்கும் வழக்காடிய காரணவர்கள் அனைவரும், ஊசியோடு கூடிய யந்திரத்தைக் கண்டதும் தர்மபுத்திரர்களாகி, “நீயே வச்சுக்கோ மக்கா” என்று ஒருவருக்கொருவர் விட்டுக்கொடுத்தார்கள். அப்படியே அது ஆச்சியிடமிருந்து மாமிக்கும், மாமியிடமிருந்து மயினிக்கும் வந்தது. கூடவே தலையணை உறை, பள்ளிக்கூடத்து நிக்கர், ரப்பர் பால் கறை படிந்த சட்டை ஆகியவையும், “ரெண்டே ரெண்டு தையலுதான்” என்ற பல்லவியுடன் வந்துசேர்ந்தன.

1924-இல் டில்லியில், நம் அண்டை ஊரான நெய்யாற்றின்கரைக்காரர் ஜி. ராமச்சந்திரன், யந்திரங்களையெல்லாம் எதிர்க்கிறீர்களா என்று காந்தியடிகளை வினவியபோது, அவர் சிங்கரின் தையல் யந்திரத்துக்கு விலக்களித்தார். மனைவி கையால் தைத்துப் படும் பாட்டைக் கண்டு, அன்பினால் சிங்கர் அதைப் படைத்தார் என்பது மகாத்மாவின் நம்பிக்கை. நாடக நடிகராயிருந்த சிங்கரின் அன்பு ஒரு மனைவியோடு நின்றதன்று; பல குடித்தனங்களில் இருபதுக்கும் மேற்பட்ட குழந்தைகளுக்குத் தகப்பனான அவர், 1851-இல் காப்புரிமை பெற்றது துணிப்பஞ்சத்துக்குப் பயந்துதானோ என்று எனக்கொரு சந்தேகம். எப்படியாயினும், மனைவியின் சிரமத்தைக் குறைக்கப் பிறந்ததாகச் சொல்லப்பட்ட யந்திரம், எங்கள் வீட்டில் ஒருத்தியின் சிரமத்தை ஊர்ப்பொதுவாக்கியதுதான் மிச்சம்.

மயினி கெட்டிக்காரி. “துணி கொண்டாறவங்களே மிதிச்சுத் தைச்சுக்கிடணும், நான் ஊசியில நூலு மட்டும் கோத்துத் தருவேன்” என்று ஒருநாள் சாசனம் பிறப்பித்தாள். அன்று முதல் பாதிப்பேர் மார்த்தாண்டம் சந்தையில் புதுத்துணி வாங்கலானார்கள். உத்தியோகத்திலிருந்து ஓய்வுபெற்றுப் பொழுதுபோகாமலிருந்த பெரியப்பா மட்டும் மிதிக்கக் கற்றுக்கொண்டு, தலையணை உறையில் தொடங்கி, இப்போது தமக்கே ஜிப்பா தைக்குமளவுக்கு உயர்ந்துவிட்டார்; அதன் பயனாக, நியாயமாகப் பார்த்தால் அந்த யந்திரம் தம் பாகத்தில்தான் வந்திருக்கவேண்டும் என்று குழித்துறையில் ஒரு வக்கீலையும் கலந்து வந்திருக்கிறார்.