தீ கொஞ்சம் பொறுக்கட்டும்

அரசியல் சாசனத்தின் 12-வது அட்டவணைப்படி, தீயணைப்பு நகராட்சிகளிடம் ஒப்படைக்கக்கூடிய வேலை. நம் ஊரில் நடத்துவது மாநில அரசு. பணம் கேட்டுப் போவதோ டெல்லிக்கு. தீ மட்டும் இந்த மூவரில் யாரையும் கேட்டுக்கொண்டு பிடிப்பதில்லை.

15-வது நிதிக்குழுவின் யோசனைப்படி, தீயணைப்புத் துறைகளை நவீனமாக்க ஒன்றிய அரசு 2023-ல் 5,000 கோடி ரூபாய்த் திட்டத்தைக் கொண்டுவந்தது. மாநிலத்தின் பங்கு 25 விழுக்காடு. வடகிழக்கு, இமயமலை மாநிலங்களுக்கு 10. இதில் 500 கோடி, சீர்திருத்தம் செய்துகாட்டும் சமர்த்துப் பிள்ளைகளுக்கு ஊக்கத்தொகை. நல்ல ஏற்பாடுதான். கருத்துரு, மதிப்பீடு, ஒப்பந்தப்புள்ளி எல்லாம் கடந்து ஏணி வண்டி வந்து சேரும்வரை மாடியில் இருப்பவர்கள் பொறுத்துக்கொள்ள மாட்டார்களா என்ன?

பயிற்சிக்கும் குறைவில்லை. 1944 ஏப்ரல் 14 அன்று பம்பாய்த் துறைமுகக் கப்பல் வெடிப்பில் மாண்ட வீரர்களின் நினைவாக, ஆண்டுதோறும் தீத்தொண்டு வாரம். அலுவலக வாசலில் தகரத் தட்டில் டீசல் ஊற்றிக் கொளுத்துவார்கள். அதிகாரி கருவியின் பின்னை இழுப்பார். போட்டோ எடுக்கும்வரை தீயும் ஒத்துழைக்கும்.

அதே அலுவலகத்துக்குள் போனால், மாடிப்படி நெடுகப் பழைய கோப்புக் கட்டுகள். சிவப்பு வாளி மணலில் பீடித் துண்டும் வெற்றிலை எச்சிலும். சுவரில் தொங்கும் கருவியின் சீட்டில் உள்ள தேதி இரண்டு கலெக்டர்களுக்கு முந்தையது. நிரப்பப் பணம் கேட்டு எழுதியாயிற்றாம். நகல் அந்த மாடிப்படிக் கட்டுகளில்தான் எங்கேயோ இருக்கிறது என்றார் எழுத்தர். அங்கே விளக்கு எரியாது; தீப்பெட்டி இருந்தால் கொடுங்கள், தேடிப் பார்க்கிறேன் என்றார்.